வி.சி.டி.யா, ஐ.எல்.ஓ.வா? குரல்வளை குறுகும் மூச்சுக் கோளாறுக்கு எந்தப் பெயர்

மூச்சை உள்ளிழுக்கும்போது விரிந்திருக்க வேண்டிய குரல்வளை திடீரென்று குறுகிக்கொள்ளும் கோளாறுக்குப் பெயர்ப் பஞ்சம் கிடையாது. மருத்துவ ஏடுகளைப் புரட்டினால் பல பத்துப் பெயர்கள் கிடைக்கும். நுரையீரல் மருத்துவர் ‘வோக்கல் கார்ட் டிஸ்ஃபங்ஷன்’ (குரல்நாண் செயல்பிறழ்வு) என்று எழுதுகிறார், சுருக்கமாக வி.சி.டி. காது மூக்கு தொண்டை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் ‘பாரடாக்சிகல் வோக்கல் ஃபோல்டு மோஷன்’ (குரல் மடிப்பின் முரணியக்கம்) என்கிறார்கள். அண்மைக்கால ஆய்வுகள் ‘இண்டியூசிபிள் லாரிஞ்சியல் அப்ஸ்ட்ரக்ஷன்’ (தூண்டப்படும் குரல்வளை அடைப்பு), சுருக்கமாக ஐ.எல்.ஓ. என்கின்றன. அவசரப் பிரிவின் சீட்டிலோ பெரும்பாலும் ‘ஆஸ்துமா, மருந்துக்குக் கட்டுப்படவில்லை’ என்றுதான் இருக்கும். நான்கு சீட்டும் ஒரே ஆளுடையவையாக இருக்கலாம்.

ஒரு மருத்துவமனையோ சிகிச்சைக் குழுவோ இவற்றில் எதை நிலையான பெயராக வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் இங்கே கேள்வி. எங்கள் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அறிக்கைக்கு ஐ.எல்.ஓ.; பழைய கோப்புகளைத் தேட வி.சி.டி.; நோயாளியிடம் பேச இரண்டும் வேண்டாம், எளிய தமிழ். ஆனால் பெயரை மாற்றிவிட்டு அறிக்கைப் படிவத்தை அப்படியே விட்டால் எந்தப் பெயரை வைத்தும் பயனில்லை. அதற்கான காரணம் போகப்போகத் தெரியும்.

பெயர் தவறினால் என்ன கெடும்

முதல் சேதம் ஆஸ்துமா என்ற முத்திரை. 1983இல் டென்வரின் நேஷனல் ஜூயிஷ் மருத்துவமனைக் குழுவினர் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஐவருக்கும் ஆஸ்துமா தாக்குதல்போலவே மூச்சுத் திணறல் வந்தது. கோளாறோ குரல்நாண்களில் இருந்தது. பேச்சுப் பயிற்சியும் உளவழிச் சிகிச்சையும் கொடுத்ததும் குறைந்தது. வி.சி.டி. என்ற பெயர் பரவியது அந்தக் கட்டுரையால்தான். சரியான பெயர் விழாத நோயாளிக்கு இன்றும் இன்ஹேலரின் அளவு கூடிக்கொண்டே போகிறது, பிறகு ஸ்டீராய்டு மாத்திரை வருகிறது, சிலருக்குச் செயற்கைச் சுவாசக் குழாய்வரை போய்விடுகிறது. குறுகுவது நுரையீரலின் சிறு மூச்சுக்குழல்கள் அல்ல என்பதால் இவை எதுவும் அந்த இடத்தைத் தொடுவதில்லை. பக்கவிளைவு மட்டும் மிஞ்சும்.

இரண்டாவது சேதம் எண்ணிக்கையில். உடற்பயிற்சியின்போது குரல்வளை குறுகுவது இளையோரில் எத்தனை பேருக்கு என்று கோபன்ஹேகனில் ஆராய்ந்தவர்களுக்கு 7.5 விழுக்காடு என்றும், உப்சாலாவில் ஆராய்ந்தவர்களுக்கு 5.7 விழுக்காடு என்றும் விடை வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச முடிகிறது. இரு குழுவினரும் ஒரே கோளாறை ஒரே பெயரில் வரையறுத்து, ஓடும்போதே லாரிங்கோஸ்கோப் (குரல்வளையை உள்ளே பார்க்கும் கருவி) வழியாகப் பார்த்து எண்ணியதுதான் காரணம். பழைய வி.சி.டி. கட்டுரைகளை இப்படி ஒப்பிட முடியாது. ஒருவர் லாரிங்கோஸ்கோப்பியில் கண்டதை எண்ணியிருப்பார். மற்றவர் மூச்சுச் சோதனை வரைபடத்தின் உள்மூச்சுப் பகுதி தட்டையாக இருந்ததையே போதும் என்று எடுத்திருப்பார்.

முதலில் கழிக்க வேண்டியவை

1842இல் ‘ஹிஸ்டெரிக் குரூப்’ (குரூப் என்பது குரல்வளை வீங்கும் குழந்தை நோய்), 1974இல் ‘மன்சாசன்ஸ் ஸ்ட்ரைடர்’ (ஸ்ட்ரைடர் என்பது மேல் மூச்சுப் பாதை குறுகும்போது எழும் மூச்சொலி). நோயாளி நடிக்கிறார் அல்லது மனம்தான் காரணம் என்று பெயரிலேயே தீர்ப்பு எழுதிய காலத்துப் பெயர்கள் இவை. ‘சைக்கோஜெனிக்’ என்ற அடைமொழியும் இதே வகை. பதற்றம் சிலருக்குத் தூண்டியாக இருப்பது உண்மைதான். ஆனால் ரசாயன நெடி, குளிர்காற்று, கடும் ஓட்டம், வயிற்று அமிலம் மேலேறுவது எல்லாமும் தூண்டிகள்தான். காரணத்தை ஊகித்து வைத்த பெயர், அடுத்த மருத்துவரின் தேடலை நிறுத்திவிடும். இந்த வரிசைக்கு எங்கள் பட்டியலில் இடமில்லை.

வி.சி.டி.: எல்லாருக்கும் தெரிந்த பெயர்

இதன் பெரிய பலம் பழக்கம். நாற்பது ஆண்டுக் கட்டுரைகளும் மருத்துவமனைக் கோப்புகளும் இந்தப் பெயரில்தான் இருக்கின்றன. அவசரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவருக்குக்கூட வி.சி.டி. என்றால் ‘ஆஸ்துமாபோல வரும், ஆஸ்துமா அல்ல’ என்பது புரிந்துவிடும்.

குறை, இடத்தைத் தவறாகச் சுட்டுவது. எல்லாருக்கும் குறுகுவது குரல்நாண்கள் அல்ல. கடுமையாக ஓடும்போது வரும் கோளாறில் பலருக்கு நாண்களுக்கு மேலே உள்ள திசுக்கள்தான், அதாவது அரிட்டினாய்டு குருத்தெலும்புகளை மூடிய சளிப்படலமும் அங்கிருந்து குரல்வளை மூடிவரை போகும் மடிப்புகளும், வேகமாகப் பாயும் காற்றின் உறிஞ்சலில் உள்நோக்கிச் சரிகின்றன. நாண்கள் அதற்குப் பிறகு குறுகலாம், குறுகாமலும் போகலாம். இந்த நோயாளிக்கு ‘குரல்நாண் கோளாறு’ என்று எழுதுவது உடற்கூற்றிலேயே பிழை.

சிகிச்சை இங்கேதான் பிரிகிறது. நாண் மட்டத்தில் குறுகுபவருக்குப் பேச்சுப் பயிற்சியாளர் கற்றுத்தரும் மூச்சுப் பயிற்சியே முதல் வழி. நாண்களுக்கு மேல் மட்டத்தில் கடுமையாகச் சரிபவர்களில், பயிற்சி பலிக்காத சிலருக்கு, அந்த மடிப்புகளைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சையும் பரிசீலிக்கப்படுகிறது. இரண்டு பேருக்கும் கோப்பில் வி.சி.டி. என்று மட்டும் இருந்தால் அறுவை மருத்துவர் பழைய காணொளியைத் தேடி எடுத்து மறுபடி பார்க்க வேண்டும், காணொளி இருந்தால்.

‘டிஸ்ஃபங்ஷன்’ என்ற சொல்லும் அகலமானது. குரல் கரகரப்பு, நாண் வாதம், நாணில் முடிச்சு எல்லாமே ஒருவகையில் நாணின் செயல் பிறழ்வுதான். இதனால் ஒருபக்க நாண் வாதம் உள்ளவர்களும் வி.சி.டி. பட்டியலுக்குள் நுழைந்துவிடுகிறார்கள்.

முரணியக்கம் என்ற பெயர்

‘பாரடாக்சிகல் வோக்கல் ஃபோல்டு மோஷன்’ நல்ல விவரணை. உள்மூச்சில் விலக வேண்டிய நாண்கள் நெருங்குகின்றன, அது முரண்தான். ‘கார்ட்’ என்பதைவிட ‘ஃபோல்டு’ உடற்கூற்றுக்குப் பொருத்தம். அங்கே இருப்பது கயிறு அல்ல, மடிப்பு. ஆனால் வெளிமூச்சில் நாண்கள் ஓரளவு நெருங்குவது இயல்பே. வெளிமூச்சில் அளவுமீறிக் குறுகுபவரிடம் முரண் எதுவும் இல்லை, இயல்பானது மிகையாகிறது, அவ்வளவே. நாண்களுக்கு மேல் மட்டத்துக்கோ இந்தப் பெயரில் இடமே இல்லை. பேச்சுப் பயிற்சித் துறை தன் உள்குறிப்புகளில் இதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. மருத்துவமனை முழுவதற்குமான பெயராக ஆக்க இயலாது.

ஐ.எல்.ஓ.: கண்டதை மட்டும் சொல்லும் பெயர்

ஐரோப்பிய சுவாசச் சங்கமும் ஐரோப்பிய குரல்வளை மருத்துவச் சங்கமும் 2015இல் பெயரிடல் பற்றிய நிலைப்பாட்டையும், 2017இல் கூட்டு அறிக்கையையும் வெளியிட்டன. அவர்கள் முன்வைத்த குடைப்பெயர் ஐ.எல்.ஓ. ஏதோ ஒன்று தூண்ட, குரல்வளை மட்டத்தில், மூச்சுப் பாதை தற்காலிகமாகக் குறுகுகிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. ஏன் குறுகுகிறது என்பதில் வாய் திறக்காது. நாங்கள் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு முதன்மைக் காரணமே இந்த அடக்கம்தான்.

அடுத்த பலம், அடைமொழிகளை ஏற்கும் அமைப்பு. உடற்பயிற்சி தூண்டினால் முன்னால் ‘எக்ஸர்சைஸ்’ சேர்ந்து இ.ஐ.எல்.ஓ. ஆகிறது. நாண் மட்டமா, மேல் மட்டமா, உள்மூச்சா, வெளிமூச்சா என்பதை வரிசையாகச் சேர்த்துக்கொள்ளலாம். வேறு பெயரைத் தேடி ஓட வேண்டியதில்லை.

அளவிடும் கருவியும் இந்தப் பெயரோடு பொருந்துகிறது. நெகிழும் லாரிங்கோஸ்கோப்பை மூக்கு வழியே செலுத்தித் தலையோடு பொருத்தி, நோயாளி டிரெட்மில்லில் ஓடும்போதே பார்க்கும் சி.எல்.இ. சோதனையை நார்வேயின் பெர்கன் குழு 2006இல் விவரித்தது. 2009இல் வந்த மதிப்பீட்டு முறையில் நான்கு எண்கள் உண்டு: மிதமான உழைப்பில் நாண் மட்டம், மேல் மட்டம், உச்ச உழைப்பில் நாண் மட்டம், மேல் மட்டம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. நான்கையும் கூட்டிய மொத்தத்தை மட்டும் எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. மொத்தம் 4 என்றால் இரு மட்டத்திலும் மிதமாகவா, மேல் மட்டத்தில் மட்டும் கடுமையாகவா என்று தெரியாது. நான்கு எண்ணையும் தனித்தனியே எழுதுங்கள்.

இனி எதிர்த்தரப்பு. ஐ.எல்.ஓ.வுக்குள்ள நடைமுறைச் சிக்கல் கையெழுத்து. நுரையீரல் திசுத் தழும்பு நோய்களின் சுருக்கம் ஐ.எல்.டி. அவசரத்தில் கிறுக்கிய ‘ஓ’வும் ‘டி’யும் ஆங்கில எழுத்தில் ஒன்றுபோலவே தெரியும். இரண்டுமே நுரையீரல் பிரிவுக்கு வரும் சீட்டுகள் என்பதால் குழப்பம் உறுதி. சீட்டில் முதல்முறை முழுப்பெயர், அப்புறம்தான் சுருக்கம் என்று விதி வைப்பதைத் தவிர வழியில்லை. உடற்பயிற்சியால் மூச்சுக்குழல் சுருங்கும் இ.ஐ.பி.யும் இ.ஐ.எல்.ஓ.வும் மாறிப்போவதும் உண்டு. (பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புக்கும் ஐ.எல்.ஓ. என்ற சுருக்கம்தான். இணையத்தில் தேடுகிற நோயாளிக்கு முதலில் வருவது தொழிற்சட்டமாகத்தான் இருக்கும்.)

இன்னொரு குறை: தூண்டி எது என்றே தெரியாத நோயாளிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ‘தூண்டப்படும்’ என்ற அடைமொழி சற்று நீட்சிதான். 2010இல் முன்மொழியப்பட்ட ‘பீரியாடிக் அக்கரன்ஸ் ஆஃப் லாரிஞ்சியல் அப்ஸ்ட்ரக்ஷன்’ இந்த இடத்தில் கூடுதல் நேர்மையானது. விட்டுவிட்டு வருகிறது என்று மட்டும் சொல்கிறது. ஆனால் வழக்கில் அவ்வளவாக வேர்பிடிக்கவில்லை. நல்ல பெயரானாலும் யாரும் தேடாத பெயரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. தூண்டி என்ற இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுத அனுமதித்துவிட்டால் ஐ.எல்.ஓ.வே போதும்.

சாய்வுக்கோடு போட்ட சமரசம்

சில ஆய்வாளர்கள் இரண்டையும் சேர்த்து வி.சி.டி./ஐ.எல்.ஓ. என்று எழுதுகிறார்கள். கட்டுரைத் தலைப்புக்கு இது சரி. தேடுபவர் எந்தப் பெயரில் தேடினாலும் கிடைக்கும். மருத்துவமனைப் படிவத்துக்கு ஆகாது. சாய்வுக்கோட்டை ‘அல்லது’ என்று ஒருவரும் ‘மற்றும்’ என்று இன்னொருவரும் படிப்பார்கள். கணினிப் பட்டியலிலும் அது மூன்றாவது பெயராக முளைத்துக்கொள்ளும். இடைக்காலத்துக்கு, ஆறு மாதமோ ஓராண்டோ, கடிதங்களில் ஐ.எல்.ஓ. என்றெழுதி ‘முன்பு வி.சி.டி. எனப்பட்டது’ என்று ஒருமுறை சேர்த்தால் போதும்.

1999இல் வந்த ‘இரிட்டபிள் லாரிங்ஸ்’ என்ற கருத்தும் மேசைக்கு வரும். நாள்பட்ட இருமல், தொண்டையில் கட்டி நிற்பதுபோன்ற உணர்வு, தசை இறுக்கத்தால் வரும் குரல் கோளாறு, குரல்வளை குறுகல் ஆகியவற்றை ஒரே மிகையுணர்ச்சியின் முகங்களாகப் பார்க்கிறது அது. சிகிச்சையைத் திட்டமிட உதவும் சிந்தனை. ஆனால் அது காரணம் பற்றிய கருதுகோள். கண்ணால் கண்டதன் பெயர் அல்ல. அறிக்கையின் கருத்துரைப் பகுதியில் எழுதலாம், நோயின் பெயராக வேண்டாம்.

ஐ.எல்.ஓ. என்று எழுதக் கூடாத இடங்கள்

குடைப்பெயர் என்றதும் எல்லாவற்றையும் அதன் கீழ் நிறுத்தும் ஆபத்து உண்டு. நாண் வாதம், நாண்களுக்குக் கீழே நிலையான சுருக்கம், கட்டி ஆகியவை எப்போதும் இருக்கும் அடைப்புகள். தூண்டலுக்குக் காத்திருப்பவை அல்ல. குழந்தைகளின் குரூப், குரல்வளை மூடி அழற்சி, ஒவ்வாமை வீக்கம், சிக்கிய பொருள் ஆகியவற்றுக்குத் தனிப்பெயரும் தனி அவசர வழியும் உண்டு. பிறவியிலேயே குரல்வளைத் திசு தளர்ந்திருக்கும் லாரிங்கோமலேசியாவும் வேறு. குறட்டையும் உறக்கத்தில் மூச்சு நிற்பதும் குரல்வளைக்கு மேலே, தொண்டைப் பகுதியில் நடப்பவை. நரம்பு நோய்களில், குறிப்பாக மல்டிபிள் சிஸ்டம் அட்ராஃபியில், இரவில் வரும் ஸ்ட்ரைடரை ஐ.எல்.ஓ. என்று எழுதி வீட்டுக்கு அனுப்புவது பெரும் பிழை.

அதனால் அவசரப் பிரிவுக்கு எங்கள் பரிந்துரை: குரல்வளையை உள்ளே பார்க்கும்வரை நோயின் பெயரே எழுதாதீர்கள், கேட்டதை எழுதுங்கள். ‘உள்மூச்சில் ஸ்ட்ரைடர், கழுத்தில் வைத்துக் கேட்டால் உரக்க, ஆக்சிஜன் அளவு 98’ என்ற வரி, அவசரமாக எழுதிய எந்தப் பெயரையும்விடப் பயனுள்ளது. ஆக்சிஜன் அளவு இயல்பாக இருப்பதே ஐ.எல்.ஓ.வை உறுதிப்படுத்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மற்ற அடைப்புகளிலும் தொடக்கத்தில் அது இயல்பாகவே இருக்கலாம்.

படிவத்தில் இருக்க வேண்டியவை

பெயரை ஒப்புக்கொண்ட பிறகு, லாரிங்கோஸ்கோப்பி அறிக்கையில் வெற்றிடம் விட முடியாத கட்டங்களாக இவற்றை வையுங்கள்: தூண்டி, மட்டம், இரண்டிலும் என்றால் முதலில் எது, மூச்சின் எந்தக் கட்டம், தொடங்க எவ்வளவு நேரம், தணிய எவ்வளவு நேரம், உறுதியா, ஐயமா, ஆஸ்துமா உடனிருக்கிறதா, எந்தச் சோதனையால் தெரிந்தது.

‘உறுதியா, ஐயமா’ என்ற கட்டம்தான் பலரும் விடுவது. தாக்குதல் இல்லாத நேரத்தில் குரல்வளை முற்றிலும் இயல்பாகத் தெரியலாம். மூச்சுச் சோதனை வரைபடமும் அப்படியே. இயல்பான லாரிங்கோஸ்கோப்பி ஐ.எல்.ஓ. இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. அறிகுறிகளை வரவழைத்துப் பார்த்து, உள்மூச்சில் நாண்களிடைப் பாதை பாதிக்குமேல் குறுகுவதைக் கண்டிருந்தால் ‘உறுதி’. வரலாறும் வரைபடமும் மட்டும் இருந்தால் ‘ஐயம்’. பாதிக்குமேல் என்ற அளவுகோல் பல ஆய்வுகளில் வழங்குவது, கண்மதிப்பு. ஆகவே காணொளியைச் சேமித்து இன்னொருவரும் பார்ப்பது நல்லது.

நேரம் எழுதும் கட்டம் ஆஸ்துமாவைப் பிரித்துக் காட்டும். இ.ஐ.எல்.ஓ. உழைப்பின் உச்சத்தில் மோசமாகி, நின்ற சில நிமிடங்களில் தணியும். உடற்பயிற்சி ஆஸ்துமா பெரும்பாலும் நின்ற பிறகே ஏறும். இரண்டும் ஒருவரிடமே இருக்கக்கூடும் என்பதால்தான் ஆஸ்துமா பற்றிய கட்டம். அதில் ‘ஆம்’ என்று மட்டும் இருந்தால் போதாது. மூச்சுக்குழல் விரிப்பான் மருந்துக்குப் பின் எஃப்.இ.வி.1 (முதல் நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு) 12 விழுக்காடும் 200 மில்லிலிட்டரும் கூடியதா, வேறு அளவுகோலா என்பதும் வேண்டும்.

நிரப்பிய வரி இப்படி இருக்கும்: ‘உடற்பயிற்சி தூண்டும் ஐ.எல்.ஓ., உறுதி, மேல் மட்டம் முதலில், பிறகு நாண் மட்டம், உள்மூச்சு, சி.எல்.இ. மதிப்பீடு 0, 1, 1, 3, நின்ற 4 நிமிடத்தில் தணிந்தது, ஆஸ்துமாவுக்குச் சான்று இல்லை.’

நோயாளியிடம் என்ன சொல்வது

இங்கே தமிழ்ச் சொற்கள் தனியாக ஒரு சோதனை வைக்கின்றன. ‘குரல்நாண் செயலிழப்பு’ என்று அச்சிட்ட கையேடுகளைப் பார்க்க முடிகிறது. சிறுநீரகச் செயலிழப்பு என்பதைக் கேட்டுப் பழகியவருக்கு அது உறுப்பே போய்விட்டது என்றுதான் கேட்கும். ‘செயல்பிறழ்வு’ சரியான சொல், பேச்சில் ஒட்டாது. ‘குரல்வளை அடைப்பு’ என்றால் ஏதோ உள்ளே சிக்கியிருக்கிறது, எடுத்தால் சரியாகும் என்று நினைப்பார்கள். ‘குறுக்கம்’ நிலையான சுருக்கத்தோடு மோதுகிறது. வெறுமனே ‘தொண்டை’ என்றால் உணவு போகும் வழி நினைவுக்கு வரும்.

நோயாளிகளே சொல்வது ‘கழுத்து இறுக்குது, மூச்சு உள்ளே போகலை’ என்பது. அதையே எடுத்து, ‘விட்டுவிட்டு வரும் குரல்வளை இறுக்கம்’ என்று எழுதலாம். அறிக்கையில் ஐ.எல்.ஓ., கையேட்டில் இது, இரண்டும் ஒன்றுதான் என்று ஒரு வரி. ‘வீசிங் இருக்கா?’ என்று கேட்பதையும் விடுங்கள். எந்த மூச்சொலியையும் வீசிங் என்றோ இழுப்பு என்றோ சொல்லும் வழக்கத்தில் விடை எப்போதும் ‘இருக்கு’தான். ‘சத்தம் மூச்சை உள்ளே எடுக்கும்போதா, வெளியே விடும்போதா?’ என்று கேளுங்கள்.

குறியீடு, உடன்பாடு, பழைய கோப்புகள்

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐ.சி.டி.10இல் இந்தக் கோளாறுக்கென்று தனிக் குறியீடு இல்லை. நாண் மட்டத்துக்கு ஜே38.3, குரல்நாண்களின் பிற நோய்கள். மேல் மட்டத்துக்கு ஜே38.7, குரல்வளையின் பிற நோய்கள். ஐயம் மட்டும் என்றால் ஸ்ட்ரைடருக்கான ஆர்06.1. இது எங்கள் பங்கீடு. வேறு பங்கீடும் செய்யலாம். எழுதிவைத்து எல்லாரும் அதையே பின்பற்றுவது முக்கியம். ஜே38.0க்குள் போகவிடாதீர்கள், அது நாண் வாதம். ஜே38.5 குரல்வளை இசிவு, அதுவும் வேறு. ஜே38.3இல் நாணின் வெண்படலமும் கிரானுலோமா என்ற அழற்சி முடிச்சும்கூட இருப்பதால், குறியீட்டை வைத்து மட்டும் ஐ.எல்.ஓ. நோயாளிகளை எண்ண முடியாது. எண்ணிக்கைக்குப் படிவத்தின் கட்டங்கள்தான் கைகொடுக்கும்.

பெயரை முடிவுசெய்யும் உடன்பாட்டுக் கூட்டத்தில் நுரையீரல், காது மூக்கு தொண்டை, பேச்சுப் பயிற்சி, அவசரப் பிரிவு, மயக்கவியல், குழந்தை மருத்துவம் ஆகியவற்றோடு குறியீடு இடுபவரும் உட்கார வேண்டும். அவரை அழைக்க மறப்பது வழக்கம். கடைசியில் எந்தப் பெயர் எந்தப் பெட்டியில் விழும் என்பதைத் தீர்மானிப்பவர் அவர்தான். கூட்டத்துக்கு முன் கடந்த ஓராண்டு லாரிங்கோஸ்கோப்பி அறிக்கைகளை எடுத்து, எந்தப் பெயர் எத்தனை முறை வந்திருக்கிறது என்று பட்டியலிடுங்கள். வாக்களிப்பவரின் பெயர் தெரியாமல் வாக்கு நடக்கட்டும். மூத்தவர் வாய்திறந்த பிறகு மற்றவர்கள் தலையாட்டுவது எல்லாத் துறையிலும் உள்ளது. எத்தனை விழுக்காடு வந்தால் முடிவு என்பதை வாக்குக்கு முன்பே எழுதிவிடுங்கள். வல்லுநர்களிடம் சுற்றுச் சுற்றாகக் கருத்துக் கேட்டு உடன்பாடு காணும் டெல்ஃபி முறையில் 70 முதல் 80 வரை வைப்பது வழக்கம். எட்டாத கேள்விக்கு, எதிர்த்தவர்களின் காரணங்களைத் தொகுத்துக் கொடுத்து இன்னொரு சுற்று.

பழைய வி.சி.டி. கோப்புகளை ஒரே கட்டளையில் ஐ.எல்.ஓ. என்று மாற்றுவதுதான் இந்த வேலையில் நடக்கக்கூடிய மிக மோசமான பிழை. தாக்குதலின்போது லாரிங்கோஸ்கோப்பியில் நாண்கள் குறுகியதாகக் குறிப்பு இருந்தால் மட்டும் ‘ஐ.எல்.ஓ., நாண் மட்டம், உறுதி’. வரைபடம் மட்டும் இருந்தால் ‘ஐ.எல்.ஓ., ஐயம்’. நாண் வாதம் என்று உள்ளே எங்காவது எழுதியிருந்தால் பட்டியலிலிருந்து வெளியே. மீதி அனைத்தும் வி.சி.டி. என்ற பழைய பெயரோடே இருக்கட்டும். அந்த நோயாளி அடுத்தமுறை வரும்போது புதிய படிவத்தை நிரப்பிக்கொள்ளலாம்.